கார் ஷெட் தரையில் எபாக்சி பெயர்கிறதா? குமரி மாவட்டத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

எபாக்சி என்பது ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு பகுதிகளைக் கலந்து பூசும், இறுகினால் கெட்டியாகும் பூச்சு. அதைப் பூசிய காங்கிரீட் தரை நன்றாக அமைந்துவிட்டால் எண்ணெய் இறங்காது, தூசி எழும்பாது, ஜாக்கி விழுந்தாலும் எளிதில் உடையாது. குவார்ட்ஸ் மணல் தூவி 3 மில்லிமீட்டர் கனத்தில் போட்ட தரை, பட்டறையில் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் பூசிய ஓராண்டுக்குள் கொப்புளமும் சில்லுமாகப் பெயர்கிற தரைகளும் நம் மாவட்டத்தில் நிறைய உண்டு. அப்போது கடைக்காரர் வேறு கம்பெனியின் டப்பாவைக் காட்டுகிறார். பூசியவர் காங்கிரீட்டைக் குறை சொல்கிறார். தளம் போட்ட கொத்தனார் பெயின்டைக் குறை சொல்கிறார். வீட்டுக்காரர் மறுபடியும் பணம் கொடுத்து, பழைய தரையின் மேலேயே இன்னொரு பூச்சுப் போட்டு, அதையும் இழக்கிறார்.

இந்த மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது. வடக்கே மலை, தெற்கே கடல். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்த ஏலாக்களை (வயல்வெளிகளை) மண்ணிட்டு நிரப்பித்தான் பல வீடுகளும் கடைகளும் எழுந்திருக்கின்றன. ஆகவே இங்கே எபாக்சி கெட்டால் டப்பாவைச் சந்தேகிப்பதற்கு முன் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும்: தரைக்கு அடியில் உள்ள ஓதம், காங்கிரீட்டுக்குள் உள்ள ஈரம், பூசிய நேரத்தில் காற்றில் இருந்த ஈரப்பதம். அடுத்த சந்தேகம் தரையைத் தயார் செய்த விதத்தின் மேல். பொருளின் மேல் சந்தேகம் கடைசியாகத்தான் வர வேண்டும்.

முதலில் சில்லைப் புரட்டிப் பாருங்கள்

எந்தக் குறையாக இருந்தாலும், பெயர்ந்த இடத்தில் ஒரு பட்டிக் கத்தியைச் செருகி உள்ளங்கை அளவு சில்லு எடுத்து, அதன் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். காரணத்தில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

அடிப்பக்கத்தில் சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருந்தால், எபாக்சி பிடித்தது காங்கிரீட்டை அன்று. அதன் மேல் மிதந்து உலர்ந்த சிமெண்ட் பாலை. காங்கிரீட் போடும்போது தண்ணீர் அதிகமாகச் சேர்த்தாலும், மேலே காய்ந்த சிமெண்டைத் தூவிக் கரணையால் தேய்த்தாலும் இந்த வலுவற்ற தோல் உண்டாகும். ஜல்லியும் மணலும் தெரியும்படி கெட்டியான காங்கிரீட் துண்டே சில்லோடு வந்திருந்தால் எபாக்சி தன் வேலையைச் செய்திருக்கிறது, தளம்தான் வலுவற்றது. அடிப்பக்கம் கண்ணாடி போல் வழவழப்பாக, எதுவும் ஒட்டாமல் இருந்தால் தரையைச் சொரசொரப்பாக்கவில்லை, அல்லது எண்ணெய், மெழுகு இருந்திருக்கிறது. பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரைகளில் இதுதான் நடக்கிறது. ஆண்டுக்கணக்கில் மெழுகு பாலிஷ் தேய்த்த தரையில் எபாக்சி பிடிக்கவே பிடிக்காது. அடிப்பக்கம் ஈரமாகவோ வெள்ளை உப்புப் படிந்தோ இருந்தால் ஓதம். சில்லு காங்கிரீட்டிலிருந்து வராமல் பிரைமரிலிருந்து (முதலில் கொடுக்கும் அடிப்பூச்சிலிருந்து) மட்டும் பிரிந்து வந்தால், இரண்டு பூச்சுகளுக்கும் இடையில் பிழை நடந்திருக்கிறது.

கொப்புளம்

கொப்புளத்தை ஊசியால் குத்திப் பாருங்கள். உள்ளே காற்று மட்டும் இருந்தால், பூசிய அன்றோ மறுநாளோ அது வந்திருக்கும். காங்கிரீட்டின் நுண்துளைகளில் இருக்கும் காற்று வெயில் ஏற ஏற விரிந்து, ஈரமான பூச்சைத் தூக்கிவிடுகிறது. காலையில் பூச ஆரம்பித்தால் இந்தத் தொல்லை கூடும். தரை சூடாறத் தொடங்கும் பிற்பகல் நான்கு மணிக்குப் பிறகு பூசினால் காற்று உள்ளிழுக்கப்படும், பூச்சும் துளைக்குள் இறங்கும். கெட்ட இடங்களைச் சுரண்டி, பிரைமரைத் துளைகள் நிறையும்படி இரண்டு முறை கொடுத்துவிட்டு மேல்பூச்சுப் போட்டால் சரியாகிவிடும்.

உள்ளிருந்து தண்ணீர் பீறிட்டு வந்தால் கதை வேறு. அந்தக் கொப்புளம் பூசிய சில வாரங்களிலோ சில மாதங்களிலோ, பெரும்பாலும் மழைக்காலத்தில் வரும். அடியிலிருந்து ஏறும் ஈரம் காங்கிரீட்டில் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு பூச்சின் அடியில் தேங்குகிறது. அந்த உப்பு மேலும் தண்ணீரை இழுக்க, அழுத்தம் கூடி எபாக்சியைத் தூக்குகிறது. கொளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் கடல் மண்ணோ உவர் நீரோ காங்கிரீட்டில் கலந்திருந்தால் இது இன்னும் கடுமையாக இருக்கும். கொப்புளத்தைக் குத்தி வடித்துவிட்டு மேலே பூசுவது வீண்; பக்கத்திலேயே அடுத்த கொப்புளம் எழும்.

ஓதம் இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. ஏ.எஸ்.டி.எம். டி 4263 என்ற அமெரிக்கத் தர முறை இதுவே. பூச்சு இல்லாத காங்கிரீட்டில் 45 சென்டிமீட்டர் சதுரமுள்ள கனமான பிளாஸ்டிக் தாளை விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். எடுக்கும்போது தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ காங்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது. மூலைகளிலும் நடுவிலும், வெளிச் சுவரையொட்டியும் செய்ய வேண்டும். மாசி, பங்குனியில் செய்த சோதனையை நம்ப வேண்டாம். ஐப்பசி அடைமழை ஓய்ந்த வாரத்தில் செய்யுங்கள். நிரப்பிய ஏலாவில் நிற்கும் கட்டடம் கோடையில் எலும்பாகக் காய்ந்து தெரியும், கார்த்திகையில் தண்ணீர் கிணற்றின் விளிம்புக்கு ஏறும்போது அதே தளம் கசியும். ஈரமானியால் அளப்பவர்கள், எடையில் 4 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் சாதாரண எபாக்சியைத் தொடாதிருப்பது நல்லது.

ஓதம் உறுதியானால் வெளியிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். ஷெட்டின் கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுந்து செம்மண்ணில் இறங்கினால் அது தளத்துக்கு அடியில்தான் போய்ச் சேரும். கூரை ஓரத்தில் தண்ணீர்ப் பாத்தி (மழைநீரை ஏந்தி வடிக்கும் வாய்க்கால்) கட்டுவது, சுவரைச் சுற்றி வெளிச்சரிவாகத் தளம் போடுவது, முற்றத்து மட்டத்தைத் தரை மட்டத்துக்குக் கீழே இறக்குவது ஆகிய மூன்றும் எபாக்சியைவிடச் செலவு குறைந்தவை, பலன் கூடியவை. அதன் பிறகு பழைய பூச்சு முழுவதையும் அரைத்து எடுத்து, ஈரத்தைத் தாங்கும் எபாக்சி பிரைமரையோ, எபாக்சியும் சிமெண்டும் மணலும் கலந்த மூன்று பகுதிக் கலவையையோ 2 முதல் 3 மில்லிமீட்டர் போட்டு, அது இறுகிய பின் மேல்பூச்சு. புதிதாகத் தளம் போடுபவர்கள் காங்கிரீட்டின் அடியில் 250 மைக்ரான் பாலித்தீன் தாளை விரித்துவிட்டால் இத்தனை பாடும் வேண்டாம். தாளின் இணைப்புகள் ஓரடிக்குக் குறையாமல் ஒன்றன் மேல் ஒன்று ஏற வேண்டும். கொத்தனார்கள் இதைச் சுணங்குவார்கள், கூடவே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு முழுவதும் கசிகிற தளத்தில் எபாக்சி வேண்டாம் என்று சொல்லவும் தயங்கக் கூடாது. காங்கிரீட்டை அரைத்து, சிலிகேட் திரவம் கொடுத்து இறுக்கினால் தூசி எழும்பாது, ஈரமும் வெளியேற வழி இருக்கும். பளபளப்பு குறைவு; ஆனால் பெயர்வதற்கு எதுவும் இல்லை.

மேலே பிசுக்கு, மெழுகு, வெள்ளைத் திட்டு

பூசிய மறுநாள் தரை இறுகியிருக்கிறது, ஆனால் மேலே மெழுகு தடவியதுபோல் வழுக்குகிறது. அல்லது மங்கலான வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றன. ஹார்டனரில் உள்ள அமீன் என்ற வேதிப்பொருள் எபாக்சியோடு சேர்வதற்கு முன்பே காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உப்பாகிவிட்டது. ஆனி, ஆடிச் சாரலில் மார்த்தாண்டம், குலசேகரம், அருமனைப் பக்கம் பூசும் தரைகளில் இது மிகச் சாதாரணம். ஷெட்டுக்குள் ஜெனரேட்டரையோ வண்டி எஞ்சினையோ ஓடவிட்டுக்கொண்டு பூசினால் இன்னும் மோசம், ஏனெனில் புகையில் கரியமில வாயுவும் நீராவியும் சேர்ந்தே வருகின்றன.

தீர்வு கடினமன்று. வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது சோப்புக் கலந்து, சொரசொரப்பான துணியால் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீரால் மறுபடி கழுவிக் காயவிடுங்கள். அதன் பிறகே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அடுத்த பூச்சுக் கொடுக்கலாம். கழுவாமல் தேய்த்தால் அந்த மெழுகு உப்புத்தாள் வழியே தரை முழுவதும் பரவும். கழுவாமலே அடுத்த பூச்சைக் கொடுத்தால், பூச்சுகளுக்கு இடையில் பிரிந்து வரும் சில்லு சில மாதங்களில் கையில் கிடைக்கும்.

வராமல் தடுக்க ஒரு கணக்கு இருக்கிறது. தரையின் வெப்பநிலை, அப்போதைய பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். பனிநிலை என்பது காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் பனிநிலை ஏறக்குறைய 24. தரை 27 டிகிரிக்கு மேல் இருந்தால் பூசலாம். அதே 30 டிகிரியில் ஈரப்பதம் 85 சதவீதம் ஆகிவிட்டால் பனிநிலை 27-ஐத் தாண்டும். தரை 30 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். நிழலில் உள்ள ஷெட் தரை அவ்வளவு சூடாக இராது. ஈரப்பதம் காட்டும் சிறு கருவியும் தரை வெப்பம் பார்க்கும் கருவியும் வாங்குகிற பணம், ஒரு வாளி எபாக்சியின் விலையில் சிறு பங்குதான். கருவி இல்லாதவர்கள் தை மாதக் கடைசியிலிருந்து பங்குனி வரை உள்ள காலத்தை இந்த வேலைக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் நிலைமை வேறு. அங்கே மேற்கிலிருந்து மழை குறைந்துபோய்க் காற்றுதான் வருகிறது. காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். பூச்சில் பிசுக்கு வராது, ஆனால் பறக்கும் மண் ஈரப் பூச்சில் படிந்து தரை முழுவதும் பருப்பருவாக இறுகும். ஷட்டரின் கீழ் இடைவெளியை நனைத்த சாக்கால் அடைத்து, முந்தைய நாளே சுவர், உத்தரத் தூசியைத் தட்டிவிட்டுப் பூசுங்கள்.

சில இடங்கள் மட்டும் இறுகவே இல்லை

ஒரு வாரம் ஆகியும் அங்கங்கே விரலில் ஒட்டுகிறது என்றால் கலவைப் பிழை. இரண்டு டப்பாக்களின் அளவு எடையில் சொல்லப்பட்டதா, கொள்ளளவில் சொல்லப்பட்டதா என்று பார்க்காமல் கலப்பது ஒன்று. முழு டப்பாவைக் கண் மதிப்பில் பாதியாகப் பிரிப்பது இன்னொன்று. மூன்றாவது, மிகவும் நடப்பது: வாளியின் சுவரிலும் அடியிலும் கலக்காமல் ஒட்டியிருக்கும் ரெசினை, வீணாகக் கூடாது என்று வாளியைத் தரையில் கவிழ்த்து வடியவிடுவது. வட்டமான ஒட்டும் திட்டுகள் இருந்தால் வாளி கவிழ்ந்த இடம் அதுவே. மெதுவான வேகத்தில் மூன்று நிமிடம் கலக்கி, சுவரைச் சுரண்டி, இன்னொரு வாளிக்கு மாற்றி மறுபடி கலக்கிவிட்டு உடனே தரையில் ஊற்றுங்கள். வாளியிலேயே வைத்திருந்தால் கலவை தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்து கல்லாகிவிடும். நம் ஊர் வெப்பத்தில் டப்பாவில் எழுதிய நேரம்கூடக் கிடைக்காது.

இறுகாத இடத்தின் மேல் ஹார்டனரை மட்டும் தடவுவதால் பயனில்லை. சுரண்டி எடுத்து, தின்னரால் துடைத்து, அரைத்து, அந்தத் துண்டை மட்டும் புதிதாகப் பூசுங்கள்.

மீன்கண்

பூச்சு அங்கங்கே வட்டமாக விலகி, நடுவில் தரை தெரியும். காரணம் எண்ணெய் அல்லது சிலிகான். படகு எஞ்சின் பழுதுபார்க்கும் சின்னமுட்டம், கொளச்சல் பட்டறைகளில் டீசலும் எஞ்சின் ஆயிலும் காங்கிரீட்டுக்குள் விரற்கடை ஆழம்கூட இறங்கியிருக்கும். தரையில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: உறிஞ்சினால் நல்லது, முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இருக்கிறது. காரமான எண்ணெய் நீக்கித் திரவத்தை ஊற்றித் தேய்த்து, சுடுநீரால் கழுவி, மறுபடி சோதியுங்கள். மண்ணெண்ணெயால் துடைப்பது எண்ணெயை இன்னும் ஆழத்துக்குத்தான் அனுப்பும். ஊறிப்போன இடம் எத்தனை முறை கழுவினாலும் கக்கிக்கொண்டே இருந்தால், அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுக் காங்கிரீட் போடுவதே வழி. அது 28 நாள் முற்றிய பின்பே பூச்சு.

டயர் தடத்தில் உரிகிறது

முதலில் இது உரிதலா, கறையா என்று பிரித்தறியுங்கள். டயர் நின்ற இடத்தில் பழுப்பு நிறம் ஏறி, பூச்சு கெட்டியாக இருந்தால், டயர் ரப்பரிலுள்ள எண்ணெய்ச் சத்து பூச்சுக்குள் இறங்கியிருக்கிறது. அழகுக் குறைதான், தரைக்குச் சேதமில்லை. டயரின் பூ வடிவத்திலேயே பூச்சு பிய்ந்து வந்தால் அது வேறு. திருவனந்தபுரம் போய்த் திரும்பிய காரின் டயர் சூடாக விரிந்திருக்கும். நின்று ஆறும்போது சுருங்கிப் பூச்சைக் கவ்வி இழுக்கும். ஒற்றை டப்பாவில் வரும் தண்ணீர் கலந்த ‘எபாக்சி பெயின்ட்’ இந்த இழுப்புக்கு நிற்காது. அதை அரைத்து எடுத்துவிட்டு, கரைப்பான் கலக்காத இரண்டு டப்பா எபாக்சியும், மேலே பாலியூரித்தேன் பூச்சும் கொடுக்க வேண்டும்.

கனத்தை அளந்தும் பாருங்கள். கரைப்பான் இல்லாத எபாக்சி ஒரு லிட்டரை 10 சதுர மீட்டரில் பரப்பினால் கனம் 0.1 மில்லிமீட்டர். 3 மீட்டருக்கு 6 மீட்டர் உள்ள ஷெட்டுக்கு 0.3 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் 5.4 லிட்டர் தேவை. அந்தத் தரையை இரண்டு லிட்டரில் முடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் தருவது வெறும் நிறம்.

இங்கே ஆசிட் கழுவலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரைக்கும் மெஷின் வாடகையை மிச்சம் பிடிக்க, டைல்ஸ் கழுவும் ஆசிடை ஊற்றித் தரையைச் சொரசொரப்பாக்குகிறார்கள். ஆசிட் சீராக அரிக்காது, எண்ணெயை நீக்காது, குளோரைடு உப்பை விட்டுச் செல்லும், ஏற்கெனவே ஈரமான தளத்தை இன்னும் நனைக்கும். வைரக் கல் பொருத்திய கிரைண்டிங் மெஷின்தான் சரி. உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். அரைக்கும்போது எழும் தூசியில் சிலிக்கா இருக்கிறது; நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். மெஷினோடு தூசி உறிஞ்சியும், முகத்தில் சரியான வடிகட்டி மாஸ்கும் இல்லாமல் வேலைக்காரரை அரைக்கவிடாதீர்கள். துண்டைக் கட்டிக்கொள்வது போதாது.

குவார்ட்ஸ் உதிர்கிறது, வழுக்கைத் திட்டு விழுகிறது

குவார்ட்ஸ் மணலை ஈர எபாக்சியின் மேல், இனிக் குடிக்காது என்னும் அளவுக்கு, மேலே காய்ந்த மணலே தெரியும்படி தூவ வேண்டும். ஈரம் மினுங்கும் இடம் எங்கே விட்டுப்போனதோ அங்கே பின்னால் வழுக்கை விழும். எபாக்சி இறுகத் தொடங்கிய பிறகு தூவினாலும் மணல் மேலேயே கிடந்து உதிரும். மறுநாள் ஒட்டாத மணலைப் பெருக்கி, லேசாகத் தேய்த்து, மேல்பூச்சைக் கொடுக்கும்போது சிக்கனம் பிடித்தால் மணலின் தலைகள் வெளியே நின்று, பெருக்குமாறுக்கே உதிரும். உதிரும் தரையைக் கூட்டிக் கழுவி, காயவைத்து, இன்னொரு மேல்பூச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அழுக்குப் பிடித்துத் துடைக்க முடியாத அளவுக்குச் சொரசொரப்பாக இருந்தாலும் இதே மருந்துதான். மீன், ஐஸ் கையாளும் இடங்களில் மட்டும் அந்தச் சொரசொரப்பைக் கொல்லாதீர்கள். அங்கே அது ஆளின் இடுப்பைக் காப்பாற்றுகிறது.

கடற்கரை மணலைச் சலித்துத் தூவலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மணவாளக்குறிச்சிக் கரையின் கறுப்பும் சிவப்புமான மணல் பார்க்க அழகுதான். அதில் இல்மனைட்டும் கார்னெட்டும் மோனசைட்டும் இருக்கின்றன. அனுமதியின்றி எடுப்பது சட்டப்படி குற்றம். சாதாரண வெள்ளைக் கடல் மணலிலும் உப்பும் சிப்பித் தூளும் இருப்பதால் பூச்சுக்குள்ளேயே ஓதத்தை அழைத்து வந்துவிடும். கழுவி, சூளையில் உலர்த்தி, ஒரே பருமனாகச் சலித்த குவார்ட்ஸைக் கடையில் வாங்குங்கள். பையைத் திறந்தவுடன் கையில் அள்ளிப் பாருங்கள். விரலில் ஒட்டினால் அது ஈரம் குடித்துவிட்டது, வேண்டாம்.

மேல்பரப்பு மென்மையாகி, நிறம் போகிறது

ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகைகளில் இது தனித் தொல்லை. ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் ஆசிடை நீர் கலக்கும் முன் தரையில் சிந்தினால் சாதாரண எபாக்சி தாங்காது. வெளிறி, மென்மையாகி, விரல் நகத்துக்கே வரும். பேட்டரி வைக்கும் மூலையில் கந்தக அமிலமும், பிரேக் வேலை செய்யும் இடத்தில் பிரேக் ஆயிலும் இதையே செய்யும். அந்தப் பகுதிக்கு மட்டும் நோவோலாக் வகை எபாக்சி கேட்டு வாங்குங்கள். ஆசிட் கன்னாசை (கேனை) ஒரு பிளாஸ்டிக் தட்டத்துக்குள் வைப்பதும், சிந்தியதை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுவதும் எந்தப் பூச்சுக்கும் ஆயுளைக் கூட்டும்.

நேர்கோட்டில் விரிசல்

காங்கிரீட் தளத்தில் வெட்டிவிட்ட இணைப்புக் கோட்டின் மேலேயே எபாக்சியை மூடிப் பூசினால், தளம் அசையும்போது அதே கோட்டில் பிளக்கும். பூச்சின் மேல் அந்தக் கோட்டை மறுபடி வெட்டித் திறந்து, நெகிழ்ந்து கொடுக்கும் பாலியூரித்தேன் சீலன்ட் நிரப்புங்கள். தாறுமாறான விரிசல் என்றால், அது உயிருள்ளதா என்று பார்க்க அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை எபாக்சி வைத்து ஒட்டிவிடுங்கள். கண்ணாடி உடைந்தால் தளம் இன்னும் இறங்குகிறது; மண் நிரப்பிய இடங்களில் இது நடக்கும், பூச்சு வேலை காத்திருக்கட்டும். ஒரு மழைக்காலம் கடந்தும் உடையாவிட்டால் விரிசலை ‘வி’ வடிவில் வெட்டி, எபாக்சியும் நுண்மணலும் குழைத்து அடைத்துவிடலாம்.

வாசலருகே மஞ்சளாகிறது

எபாக்சி வெயிலுக்கு மஞ்சளாகும். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் அப்படித்தான். வெயில் விழும் முன்பகுதியை லேசாகத் தேய்த்துத் தூசி துடைத்து, வெயிலைத் தாங்கும் அலிபாட்டிக் பாலியூரித்தேனையோ பாலிஅஸ்பார்ட்டிக்கையோ மேலே கொடுங்கள். ஏறிய மஞ்சள் மறையவேண்டுமானால் நிறம் கலந்த மேல்பூச்சு. தெளிவான பூச்சுக்கு அடியில் மஞ்சள் அப்படியே தெரியும்.

துண்டாகப் பழுதுபார்க்கும்போது

கெட்ட இடத்தின் ஓரத்தைச் சதுரமாக வெட்டிக்கொண்டு, சில்லு வராத நல்ல பூச்சு எட்டும் வரை சுரண்டுங்கள். சுற்றியுள்ள பழைய பூச்சில் நான்கு விரல் அகலம் பளபளப்புப் போகும்படி தேய்த்து, தூசியை உறிஞ்சி எடுத்து, பிரைமர், பூச்சு, குவார்ட்ஸ், மேல்பூச்சு என்று வரிசையாகக் கொடுங்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே டப்பாவில் எழுதிய நேரத்துக்குள் அடுத்தது வர வேண்டும்; தவறினால் மறுபடி தேய்க்காமல் பூசக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள், ஹார்டனர் தோலில் பட்டால் சோப்பால் கழுவுங்கள். தின்னரால் கழுவினால் அது தோலுக்குள் இறங்கும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு எபாக்சி வேலைக்கே போக முடியாது. மறுநாள் மெதுவாக நடக்கலாம். காரை ஏற்ற ஏழு நாள் பொறுங்கள். சாரல் நாளாக இருந்தால் இன்னும் இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.